நடுவுல வைங்க மச்சான்

டும்முவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் இரண்டு கடை தள்ளி இருந்த கண்ணாடிக்காரர். கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துவதுதான் டும்முவின் தொழில். ஒரு வண்டிக்கு வேலையை முடித்து முதல் தடவை பாட்டை ஓடவிட்டால், கண்ணாடிக்காரர் அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடிப் பலகைகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். "டும்மு, நான் கடையை மூடிட்டே போயிடவா?" என்று அங்கிருந்து குரல் வரும். நாளடைவில் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அவன் மனைவி உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

அடிச்சத்தம் கொடுக்கும் பெரிய ஊஃபர் ஸ்பீக்கராக வாங்கி டிக்கிக்குள் தள்ளிவிட்டால் பேஸ் தானாக வந்துவிடும் என்றுதான் அவனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வராது. ஒரே ஊஃபர் பெட்டியை ஓர் இடத்தில் வைத்தால் அடி நெஞ்சில் வந்து இறங்கும். ஒரு முழம் தள்ளி வைத்தால் இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். முகத்தை முன்பக்கம் திருப்பினால் ஒரு மாதிரி, பின்கதவைப் பார்த்துத் திருப்பினால் வேறு மாதிரி. அது வண்டிக்கு வண்டி மாறும். அதனால் டும்மு எந்தப் பெட்டியையும் எடுத்தவுடன் இறுக்க மாட்டான். நீளமாக வயரை இழுத்துக்கொண்டு, பெட்டியை இங்கே வைத்துப் பார்ப்பான், அங்கே வைத்துப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் ஓட்டுகிறவரின் சீட்டில் போய் உட்கார்ந்து, அதே பாட்டின் அதே இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பொறுமை இல்லாதவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை.

ஒரு காலையில் அவனுடைய தங்கையின் கணவர் வண்டியோடு வந்து நின்றார். குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் அவர் மேனேஜர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கதவுக் கைப்பிடியைக்கூடக் கைக்குட்டையை வைத்துத்தான் தொடுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் டும்முவின் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாப்பிள்ளை. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் மச்சான். வண்டிக்கு நல்லதா ஒரு ஊஃபர் போடணும். பேஸ் சும்மா அதிரணும். உங்களை விட்டா யாருகிட்ட போறது?"

டும்முவுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கை வீட்டுக்காரர் தன் வேலையை மதித்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழு பேர் உட்காரக்கூடிய வண்டி அது. கடைசி வரிசை சீட்டுகளை முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்ட பிறகு, அவருடைய சக்கர நாற்காலியை மடித்து வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. வாரம் தவறாமல் டும்முவின் தங்கைதான் மாமியாரைத் தூக்கி நடுச் சீட்டில் உட்கார வைத்து, நாற்காலியைப் பின்னால் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவாள். அதில் பலனும் இருந்தது. கை கொஞ்சம் அசைய ஆரம்பித்திருந்தது. டம்ளரைப் பிடிக்கிறார் என்று போன மாதம்தான் போனில் சொல்லியிருந்தாள்.

டும்மு பின்கதவைத் திறந்தான். முகத்தில் அடித்தது வாசனைத் திரவியம். ஏசி வரும் துவாரங்களில், கண்ணாடிக்கு மேலே, சீட்டுக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டிப் பாட்டில்கள். மல்லிகை, எலுமிச்சை, பெயர் தெரியாத இன்னும் என்னவோ எல்லாம் கலந்து தொண்டையைப் பிடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை மெலிதாக இருந்தது. தரை விரிப்பைத் தூக்கியதும் அது முழுசாக எழும்பி வந்தது. ஊறிப்போன மூத்திர வாடை. விரிப்பின் அடியில் பிஸ்கட் தூள் ஈரத்தில் பூசணம் பிடித்துப் பச்சையாகியிருந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றில் சுருட்டிய டயப்பர் கிடந்தது. எப்போது போட்டதோ. பை உப்பிப்போயிருந்தது.

"ஐயோ, அதைத் தூக்கிப் போட்டுடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. "போன வாரமே பாத்தேன். தொட முடியலை. குமட்டுது."

"போன வாரமேவா?"

"உங்க தங்கச்சி மறந்து வெச்சிருப்பா. நான் எப்படித் தொடுறது?"

டும்மு பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். கடைசிக் காலத்தில் அப்பாவுக்கும் செய்தவன். இது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு வாரம் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேலே மல்லிகை அடித்து ஓட்டியிருக்கிறாரே என்பதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. விரிப்பைக் கழுவிக் காயப்போட்டான். தரையை இரண்டு தடவை துடைத்தான். மாப்பிள்ளை எதிர்ப்பக்கத்து நிழலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடை அடங்கியதும் வேலையை ஆரம்பித்தான். மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தது பெரிய ஒற்றை ஊஃபர். அதற்கேற்ற மூடிய பெட்டி. முதலில் அவர் சொன்னபடியே நடுவில், சீட்டின் முதுகோடு ஒட்டி, முன்பக்கம் பார்க்க வைத்தான். முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டால் சத்தம் இருந்தது, ஆனால் அடி இல்லை. மெத்தையைத் தட்டுகிற மாதிரி மொத்து மொத்தென்று கேட்டது. பெட்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான். முகத்தைத் திருப்பினான். படுக்க வைத்தான். கடைசியில் இடது பின்மூலையில், சக்கரத்தின் மேல் எழும்பியிருக்கும் திட்டை ஒட்டி நிமிர்த்தி வைத்து, பின்கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

பாட்டில் மேளம் விழுந்த இடத்தில் முன் கண்ணாடி அதிர்ந்தது. சீட்டு வழியாக அடி முதுகுத்தண்டில் ஏறியது. "டும்மு" என்று கண்ணாடிக்காரர் கத்துவதும் கேட்டது.

"மாப்பிள்ளை, வந்து உட்காருங்க. இதைக் கேளுங்க."

அவர் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவரையும் மீறித் தலை ஆடியது. ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன.

"எப்படி?"

"அடேங்கப்பா. சூப்பரா இருக்கு மச்சான்."

"இந்த வண்டிக்கு மூலைதான் சரி. எடமும் அடைக்காது பாருங்க. அத்தையோட வீல்சேரு இந்தப் பக்கம் தாராளமா நிக்கும்."

மாப்பிள்ளை பாட்டை நிறுத்தினார். கண்ணாடி வழியாகப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"இல்ல மச்சான். நடுவுலயே வைங்க."

"நடுவுல வெச்சா அடியே இல்லையே. நீங்களே கேட்டீங்கள்ல?"

"பரவால்ல. நடுவுல வெச்சு, போல்ட் போட்டு இறுக்கிடுங்க. சும்மா எடுத்து நகர்த்துற மாதிரி வேணாம்."

"அப்ப வீல்சேரை எங்க வைக்கிறது?"

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கினார். தோளில் கை போட்டு டும்முவைக் கடைக்குள் அழைத்துப் போனார். அவர் கை தன் தோளில் விழுந்தது அதுவரை நடந்திராத விஷயம்.

"உங்ககிட்ட என்ன மறைக்கிறது. என் வண்டியில நானே மூக்கைப் பிடிச்சிட்டுப் போக வேண்டியிருக்கு. ஆபீஸ்ல இருந்து யாரையாவது ஏத்துனா மானம் போகுது. வாரா வாரம் கூட்டிட்டுப் போயி என்ன ஆகப் போகுது? எழுந்து ஓடப் போறாங்களா? வேணாம்னு நான் சொன்னா உங்க தங்கச்சி சண்டைக்கு வருவா. பெட்டி வெச்சா எடம் இல்லைனு ஆயிடும். நீங்க வெச்சதுன்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் கை இன்னும் தோளில்தான் இருந்தது. பல்லி விழுந்தால் உதறுவது போல டும்முவுக்கு அதை உதறத் தோன்றியது.

"என்னால பொய் சொல்ல முடியாது மாப்பிள்ளை."

"யாரு பொய் சொல்லச் சொன்னது? நீங்க எதுவும் சொல்ல வேணாம். கேட்டா சும்மா இருங்க, போதும்."

அவன் அப்போதே பெட்டியை எடுத்து வெளியே வைத்திருக்கலாம். ஆனால் தங்கை வாழப்போன வீட்டு மனிதரிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அவனுக்குப் பழக்கம் கிடையாது. நாம் ஒன்று பேசப்போய் அது அவள் தலையில் விடிந்தால் என்ன செய்வது என்ற பயம் எப்போதும் உண்டு. வாயை மூடிக்கொண்டு பெட்டியை நடுவுக்கு இழுத்தான். தரையில் துளை போட்டான். போல்ட்டை இறுக்கினான். ஸ்பேனரின் ஒவ்வொரு திருகலுக்கும் எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டான். வண்டி போன பிறகு, கையில் கிரீஸ் போவதற்கு வைத்திருக்கும் பொடியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளன்று காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"இல்ல, அந்தப் பெட்டி. அதை அங்க வெச்சாத்தான் பேஸ் வருமாமே. வேற எடமே கிடையாதுன்னு நீ சொன்னியாம். அவரு சொன்னாரு." அவள் குரலில் கோபம் இல்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தொனி. "நான் வீல்சேரை முன் சீட்டுல சாய்ச்சுப் பாத்தேன், கதவு மூட மாட்டேங்குது. வாடகை வண்டிக்காரங்க சேரைப் பாத்ததும் வேற சவாரி இருக்குன்னு போயிடுறாங்க. அத்தை கால்ல பயிற்சிப் பட்டை எல்லாம் கட்டிக்கிட்டு ரெடியா உட்கார்ந்திருக்காங்க. இனிமே எப்படிப் போறதுன்னு தெரியலை. அதான், ஒரு வார்த்தை உன்கிட்ட கேட்டுடலாம்னு."

கேட்டா சும்மா இருங்க, போதும். மாப்பிள்ளையின் அந்தக் குரல் அவன் காதுக்குள் கேட்டது. கேட்டதும் வாய் கசந்தது.

"நான் அப்படிச் சொல்லலைம்மா."

"பின்ன?"

"நான் வர்றேன். அத்தையை அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லு."

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கண்ணாடிக்காரரிடம் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

முன்னறையில் மாப்பிள்ளையின் அம்மா சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். வெளியே போவதற்கென்று வைத்திருக்கும் புடவை. தலை படிய வாரியிருந்தது. மாப்பிள்ளைக்கு அன்று விடுமுறை. எதிரே சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். டும்முவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். கையிலிருந்த கருவிப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன மச்சான், திடீர்னு?"

டும்மு உட்காரவில்லை. தங்கையைப் பார்த்தே சொன்னான். "பெட்டியை மூலையில வெச்சாத்தான் அந்த வண்டியில பேஸ் நல்லா வரும். நான் வெச்சுக் காட்டினேன். உன் வீட்டுக்காரரும் கேட்டாரு, சூப்பரா இருக்குன்னாரு. மூலையில வெச்சா சேருக்கும் எடம் இருக்கு. அப்புறம்தான் நடுவுல வெச்சு இறுக்கச் சொன்னாரு. சேரு ஏறக்கூடாதுன்னுதான். நானும் வாயை மூடிட்டு இறுக்கிட்டேன்."

தங்கை கணவரைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்தார்.

முதலில் பேசியவர் அந்த அம்மாதான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் வார்த்தைகள் குழைந்து குழைந்து வந்தன. "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. நான்தான் சொன்னேன். எனக்குத்தான் போக இஷ்டமில்லை. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

கால்களில் பயிற்சிக்கான பட்டைகளைக் கட்டிக்கொண்டு, நல்ல புடவையில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார். பொய் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். "சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு மூக்கு அப்படி. ஒரு ஈ உட்கார்ந்தாக்கூடத் தட்டைத் தள்ளிடுவான். அவன் என்ன பண்ணுவான், பாவம்."

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தார். விழுந்த காசைப் பொறுக்குகிறவர் மாதிரி அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? அம்மாவே சொல்றாங்க. அவங்களுக்கே இஷ்டமில்லை. நீங்கதான் தேவையில்லாம பெருசு பண்றீங்க."

டும்முவுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. கடையில் அந்தப் பையைக் கையில் எடுத்தபோது வராத குமட்டல். தன் மூத்திர வாடைக்கு மகனிடம் அம்மா மன்னிப்புக் கேட்கிறார். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான் இந்த மனிதன். அதுவும் சலவைச் சட்டையில் உட்கார்ந்துகொண்டு. வெளியே போய்த் துப்பிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தான்.

தங்கை சாவி மாட்டும் ஆணியிடம் போனாள். வண்டிச் சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"கழட்டுண்ணா."

"ஏய், அது என் வண்டி" என்றார் மாப்பிள்ளை.

"உங்க வண்டிதான். உங்க அம்மாவும்தான்." அவள் குரல் உயரவில்லை. "முழுசா எடுத்துடாதண்ணா. நல்லா கேட்கும்னியே, அந்த மூலையிலயே வெச்சுடு. பேஸ் நல்லா வரணும்னுதானே அவரு ஆசைப்பட்டாரு. அவரு ஆசையை ஏன் கெடுக்கணும்?"

அந்த அம்மா முந்தானையால் வாயோரம் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. அந்த முகத்தில் இரண்டும் இப்போது ஒரே மாதிரிதான் தெரிந்தன.

டும்மு வாசலில் நின்ற வண்டியின் பின்கதவைத் திறந்து வேலையைத் தொடங்கினான். தான் இறுக்கிய போல்ட்டுகளைத் தானே கழற்றினான். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்து, வாடை எட்டாத தூரத்தில் நின்றார்.

"மச்சான், நமக்குள்ள உறவு கெட்டுப் போயிடும். யோசிச்சுக்கோங்க."

"கெடட்டும் மாப்பிள்ளை" என்றான் டும்மு. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெட்டியை மூலையில் நிறுத்தி இறுக்கினான். தரையில் போட்ட துளைகளை அடைத்தான். நாற்காலி மடங்கிப் பக்கத்தில் கச்சிதமாக நின்றது. தங்கையும் அவனும் சேர்ந்து அத்தையைத் தூக்கி நடுச் சீட்டில் உட்கார வைத்தார்கள். தூக்கும்போது அவர் டும்முவின் காதருகே, "வாடை அடிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

"இந்த சென்ட்டு பாட்டில்தான் அத்தை அடிக்குது" என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டியதை எல்லாம் பிய்த்து எடுத்துத் தன் கருவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத் தங்கை வண்டியை எடுத்தாள். பயிற்சிக்கு நேரமாகிவிட்டிருந்தது. இருந்தாலும் ஆஸ்பத்திரியில் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை என்று மத்தியானம் போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை அந்த வண்டியைத் தொடவில்லை. சில மாதம் ஷோரூம் ஆள் ஒருவரின் வண்டியில் போய்வந்தார். அத்தை இப்போது தடியை ஊன்றிக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வருகிறார். மகன் வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் கதவோரத்திலிருந்து அவசரமாகக் கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார் என்று தங்கை சொன்னாள். அதைக் கேட்டபோது டும்முவுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

ஒரு சாயங்காலம் அவன் வேலையை முடித்துக் கை கால் கழுவிவிட்டு நின்றபோது, கடை முன்னால் புதிதாக ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு பை வைக்கலாம். மாப்பிள்ளை இறங்கினார். எதுவுமே நடக்காதது போல வாய் நிறையச் சிரித்தார்.

"எப்படி மச்சான் வண்டி? நமக்கு மட்டும்னு வாங்கிட்டேன். பழசை உங்க தங்கச்சியே வெச்சிக்கட்டும். உங்களை மாதிரி வேலைக்காரன் வேற யாரு இருக்கா, சொல்லுங்க. இதுல எங்க வெச்சா பேஸ் நல்லா வரும்?"

டும்மு அந்தக் காரைச் சுற்றிப் பார்த்தான். பழக்க தோஷத்தில் அவன் கண் பின்மூலையைத் தேடியது. சீட்டுக்குப் பின்னால் இருந்த துளி இடத்தை அளந்தது. எங்கே வைத்தால் நன்றாக வரும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வேற கடை பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றான்.

"அட, பழசை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு. விடுங்க மச்சான்." மாப்பிள்ளை கை குலுக்குவதற்காகக் கையை நீட்டினார்.

"கை அழுக்கா இருக்கு" என்று சொல்லி, டும்மு ஈரம் காயாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.